கழுவி அனுப்பிய துண்டுகள்

தர அறை, ஃபோம் தொழிற்சாலை
எட்டியாந்தோட்டை
12.02.2023

அன்புள்ள றிஸ்மியா,

நீ கேட்ட பன்னிரண்டு துண்டுகளும் இந்தப் பெட்டியில் இருக்கின்றன. எல்லாம் வட்டம். பத்து சென்ரிமீற்றர் குறுக்களவு, ஐந்து சென்ரிமீற்றர் தடிப்பு. மெத்தைக்கு ஊற்றும் அதே இறப்பர் பால் கலவை. ஓரத்தைத் தடவிப் பார், ஒரு பிசிறு இருந்தால் என் பெயரை மாற்றிக்கொள்கிறேன். மனேஜரிடம் கேட்டுவிட்டு, வாள்காரர் சோற்றுக்குப் போன நேரத்தில் நானே நின்று வெட்டினேன். அந்த மனுசன் வெட்டினால் வட்டம் பலாப்பழம் மாதிரி வரும்.

இந்தக் காலத்தில் எதற்குக் கடிதம், ஃபோனில் பேசலாமே என்று கேட்டிருந்தாய். வேலை நேரத்தில் ஃபோனை வாசல் பெட்டியில் போட்டுவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். வீட்டில் சிக்னல் இல்லை. தண்ணீர்த் தாங்கி வளைவுக்கு ஏறினால் இரண்டு கோடு வரும், கூடவே காலில் நாலு அட்டையும் வரும். அதை விடு. ஃபோனில் நீ ஆங்கிலத்தில் ஓடுகிறாய், நான் பின்னால் மூச்சிரைக்க வருகிறேன். கடிதத்தில் எனக்கு யோசிக்க நேரம் கிடைக்கிறது.

உன் ஆராய்ச்சியை நான் விளங்கிக்கொண்டது சரியா என்று பார். ஃபோம் என்பது குமிழிகளின் கூட்டம். ஒரு குமிழிக்கும் பக்கத்துக் குமிழிக்கும் நடுவில் சின்னச் சின்ன யன்னல்கள். தண்ணீர் அந்த யன்னல்களால் நுழைந்து நுழைந்து போகிறது. மெதுவாகத் தள்ளினால், இரட்டிப்பு அழுத்தத்துக்கு இரட்டிப்பு ஓட்டம். வேகமாகத் தள்ளினால் அந்த நேர்த்தி கெட்டு, வேகத்தின் வர்க்கமும் கணக்குக்குள் வந்து குந்திக்கொள்கிறது. யன்னலின் அளவு தெரிந்தால் தண்ணீர் எவ்வளவு திண்டாடும் என்பதைத் தாளிலேயே சொல்லிவிடலாம் என்கிறாய். சொல்லு பார்ப்போம். இங்கே கழுவிய மெத்தை காய எட்டு மணித்தியாலம் எடுக்கிறது, விறகு லொறி லொறியாகப் போகிறது. மனேஜர் இதற்குத் தலையாட்டியதே அந்த விறகை நினைத்துத்தான்.

கேகாலையில் ஒரே வாங்கில் இருந்து உயர்தரம் படித்தோம். மூன்று தவணையும் கணிதத்தில் உன்னை முந்தினவள் நான். இரசாயனவியலில் வெறும் எஸ் சித்தி எடுத்து, கம்பஸ் வெட்டுப்புள்ளிக்குக் கீழே போனவளும் நான்தான். இன்றைக்கு நாள் முழுக்க அமோனியாவோடும் கந்தகத்தோடும் குடும்பம் நடத்துகிறேன். சிரிக்காதே.

நீ தந்த வாக்கை மட்டும் மறக்காதே. கட்டுரையில் என் பெயர் வர வேண்டும். கடைசியில் நன்றி சொல்லும் இடத்தில் வேண்டாம், எழுதியவர்கள் வரிசையில், உன் பெயருக்குப் பக்கத்தில். அப்பா பெயரையும் சேர்த்து அழகமுத்து நிரோஷா என்று. எனக்கு வேறு ஒன்றும் வேண்டாம்.

நிரோஷா


கிளாஸ்கோ
20.05.2023

நிரோஷா,

பெட்டி சுங்கத்தில் ஆறு கிழமை கிடந்துவிட்டு வந்தது. துண்டுகள் அழகு. ஆய்வுகூடத்தில் எல்லோரும் கையில் எடுத்துப் பார்த்தார்கள். அதை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் மற்றது நல்ல செய்தி இல்லை.

கணக்கு ஒத்து வரவில்லை. உங்கள் கொழும்பு அலுவலகம் முன்பே ஒரு கட்டி அனுப்பியிருந்தது அல்லவா? அதை ஸ்கேன் செய்து, உள்ளே உள்ள குமிழிகளையும் யன்னல்களையும் கணினியில் எடுத்து, அதன் மேல்தான் என் சமன்பாடுகளைக் கட்டினேன். பதினான்கு மாத வேலை. பிறகு உன் துண்டுகளைக் குழாயில் இறுக்கி வைத்துத் தண்ணீரைத் தள்ளி அளந்தோம். ஃபோம் தண்ணீரை எவ்வளவு தடுக்கும் என்று நான் சொன்னேனோ, அதில் மூன்றில் ஒரு பங்குதான் தடுக்கிறது. பத்து வீதம் இருபது வீதம் பிசகினால் பேசிச் சமாளிக்கலாம். இது மூன்று மடங்கு.

பேராசிரியர் என்னைப் பார்த்துக் கேட்ட முதல் கேள்வி, "இந்தத் துண்டுகளை வெட்டியவர் யார்?" நான் உன்னைப் பற்றிச் சொன்னேன். அவர் தலையை மட்டும் ஆட்டினார். அந்தத் தலையாட்டல் எனக்குப் பிடிக்கவில்லை, ஆனால் எனக்கும் அதே சந்தேகம் வந்துவிட்டது. நீ மெத்தைக் கலவைக்குப் பதிலாகத் தலையணைக் கலவையை வெட்டியிருக்கிறாய். அது இலேசானது, யன்னல் பெரியது. அவசரத்தில் யாருக்கும் நடக்கும். உண்மையைச் சொல்லிவிடு, கோபிக்க மாட்டேன்.

டிசம்பர் முதல் கிழமை எனக்கு மீளாய்வு. அதற்குள் கணக்கும் அளவும் ஒத்துவராவிட்டால் என் ஆய்வேட்டில் இந்த அதிகாரத்தையே வெட்டிவிட வேண்டியதுதான். வெட்டினால் கட்டுரையும் இல்லை. உனக்கும் அது தெரிய வேண்டும்.

றிஸ்மியா


தர அறை, ஃபோம் தொழிற்சாலை
எட்டியாந்தோட்டை
17.06.2023

றிஸ்மியா,

தலையணைக் கலவை எது, மெத்தைக் கலவை எது என்று எனக்குத் தெரியாதாம். ஆறு வருடமாக இந்தத் தொழிற்சாலையில் ஊற்றும் ஒவ்வொரு கலவையையும் நிறுத்துப் பார்த்துக் கையெழுத்துப் போடுகிறவள் நான். என் கையெழுத்து இல்லாமல் ஒரு தலையணையாவது கேற்றைத் தாண்டாது. கலவைப் புத்தகத்தின் அன்றைய பக்கத்தைக் கொப்பி எடுத்து இதோடு வைத்திருக்கிறேன். திகதி, அச்சு இலக்கம், அடர்த்தி எல்லாம் அதில் இருக்கிறது. வாசிக்கத் தெரிந்தால் வாசி.

உன் பேராசிரியர் யார் வெட்டியது என்று கேட்டாராம். யார் கணக்குப் போட்டது என்று அவர் கேட்கவில்லையா?

இதற்கு மேல் எழுதினால் வாயில் வேறு ஏதாவது வந்துவிடும். வைக்கிறேன்.

அ. நிரோஷா


கிளாஸ்கோ
30.09.2023

அன்புள்ள நிரோஷா,

மூன்று மாதம் நீயும் எழுதவில்லை, நானும் எழுதவில்லை. உன் பக்கக் கொப்பியைப் பார்த்தேன். கலவை சரிதான். தலையணை என்று எழுதியது என் வாய்க்கொழுப்பு. மாவனல்லைக்கு ஃபோன் எடுத்து உம்மாவிடம் சொன்னபோது அவ நல்லா ஏசினா. "படிச்ச திமிரா உனக்கு? அந்தப் புள்ள வேலை நேரத்துல வெட்டித் தந்தா, நீ கள்ளிக்குச் சொல்ற மாதிரிச் சொல்லியிருக்க." மன்னித்துக்கொள்.

இந்த மூன்று மாதமும் என் கணக்கை அடியிலிருந்து திரும்பப் போட்டேன். ஒவ்வொரு வரியும். பிழை இல்லை. பிழை இல்லாத கணக்கு மூன்று மடங்கு பிழையான விடை தருகிறது என்றால், அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது? பேராசிரியர் இரண்டு வழி சொன்னார். ஒன்று, விடையை 0.34ஆல் பெருக்கிவிட்டு, அனுபவ எண் என்று பெயர் வைப்பது. அது எங்கிருந்து வந்தது என்று யாராவது கேட்டால் வாயைத் திறக்க முடியாது. மற்றது, உன் துண்டுகளையே விட்டுவிட்டு, வேறு ஒரு கம்பனியின் ஃபோமை வாங்கி அளப்பது. அவர் இரண்டாவதைத்தான் விரும்புகிறார். துண்டு போனால் உன் பெயரும் போகும். அதை உனக்குச் சுற்றிவளைத்துச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

நான் அழுதேன் என்று எழுதினால் நம்புவாயா? உன்னைப் போல நான் திமிர் பிடித்தவள், அழுததை எழுதுவது எனக்கு இலேசான காரியம் இல்லை.

றிஸ்மி


தர அறை, ஃபோம் தொழிற்சாலை
எட்டியாந்தோட்டை
29.10.2023

அன்புள்ள றிஸ்மி,

இந்தக் கடிதத்தை எழுத வேண்டாம் என்று நான்கு நாள் யோசித்தேன். எழுதாவிட்டால் யாருக்கும் தெரியப் போவதில்லை. நீ வேறு ஃபோம் வாங்குவாய், பட்டம் எடுப்பாய், நான் கையெழுத்துப் பிசகாத நிரோஷாவாகவே இருப்பேன். நாலாம் நாள் எனக்கே என்னைப் பிடிக்காமல் போய்விட்டது.

போன புதன்கிழமை கழுவும் பகுதியில் உருளையின் பெல்ட் அறுந்துவிட்டது. உருளை என்றால், அச்சிலிருந்து எடுத்த மெத்தையைத் தண்ணீரில் நனைத்துப் பிழியும் மெஷின். சவர்க்காரமும் அமோனியாவும் அதில்தான் போகும். பெல்ட் வரும் வரை கழுவாத கட்டி ஒன்றைத் தர அறைக்குத் தூக்கி வந்தார்கள். என் தேத்தண்ணிக் கோப்பை அதன் மேல் சாய்ந்துவிட்டது. துடைக்கத் துணி தேடினேன். திரும்பி வந்து பார்த்தால் தேத்தண்ணி அப்படியே குளம் கட்டி நிற்கிறது, மெதுவாக, மிக மெதுவாக இறங்குகிறது. உனக்கு அனுப்பிய துண்டுகளில் தண்ணீர் ஊற்றினால் ஊற்றிய கையோடு உள்ளே போய்விடும்.

அனுப்பல் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தேன். உன் கொழும்புக் கட்டி அச்சிலிருந்து நேரே வந்தது. கழுவாதது. என் துண்டுகள் கழுவியவை. பன்னிரண்டையும் நானே உருளையில் போட்டு மூன்று தரம் பிழிந்து, வெயிலில் காயவைத்து அனுப்பினேன். யாரும் சொல்லவில்லை, நீயும் கேட்கவில்லை, நானும் எழுதவில்லை.

சும்மா சொன்னால் நம்ப மாட்டாய் என்று அளந்தேன். மூன்றடி பிளாஸ்டிக் குழாய், அடியில் கழுவாத துண்டு, மேல் கோட்டிலிருந்து கீழ்க் கோட்டுக்குத் தண்ணீர் இறங்கும் நேரம். பெல்ட் வந்ததும் உருளையில் ஒரு தரம், இரண்டு தரம் என்று பிழிந்தெடுத்த துண்டுகளையும் அப்படியே, ஞாயிற்றுக்கிழமை பகல் முழுக்க, ஒவ்வொன்றும் ஐந்து தரம். கழுவாமல் 94 செக்கன். ஒரு தரம் பிழிந்தால் 40. இரண்டு தரம் 33. மூன்று தரம் 32. நாலு, ஐந்து தரம் 31. அதற்குப் பிறகு எத்தனை தரம் பிழிந்தாலும் அசையவில்லை. 32ஐ 94ஆல் வகுத்துப் பார். உன் 0.34 அதுதான்.

உருளையில் நிற்கும் மருதாயி அக்காவிடம் ஏன் மூன்று தரம் என்று கேட்டேன். "மூணு தரம் போட்டாத்தான் உள்ளுக்குத் தண்ணி ஓடும். ரெண்டோட நிப்பாட்டுனா மறுநாளும் ஈரமா இருக்கும். நாலு போட்டா நமக்குத்தான் கை வலி. இதுக்கெல்லாம் கொப்பி எதுக்கு புள்ள?" என்றார்.

எனக்கு விளங்கியது இது. அச்சில் வேகும்போது சில யன்னல்களில் மெல்லிய இறப்பர்த் தோல் மூடியபடியே இருக்கிறது. உருளை நசுக்கும்போது அது கிழிகிறது. ஒவ்வொரு பிழிவிலும், மூடியிருக்கும் மிச்ச யன்னல்களில் மூன்றில் இரண்டு திறக்கிறது என்று வைத்தால் என் எண்கள் எல்லாம் சரியாக விழுகின்றன. இன்னொன்று. தண்ணீர் உயரத்தின் மடக்கையை நேரத்துக்கு எதிரே வரைந்தேன். நேர்கோடு வர வேண்டும், வந்தது. ஆனால் மேலே, தண்ணீர் வேகமாக இறங்கும் இடத்தில், சாய்வு கொஞ்சம் குறைகிறது. உன் வேகத்தின் வர்க்கம் அங்கே குந்தியிருக்கிறது. வரைபுத்தாளை இதோடு மடித்து வைத்திருக்கிறேன்.

ஏன் கழுவினேன் என்று கேட்பாய். எங்கள் அப்பா இறப்பர் மரத்தில் பால் வெட்டுகிறவர். மரத்தில் உறைந்த ஒட்டுப்பாலின் வீச்சம் எங்கள் சட்டையில், தலைமயிரில், கொப்பியில் எல்லாம் இருக்கும். கேகாலைப் பள்ளியில் முதல் நாள் நான் வந்து உட்கார்ந்ததும் ஒருத்தி வாங்கின் மற்ற முனைக்குத் தள்ளிப் போனாள். அன்றிலிருந்து எங்கள் தோட்டத்திலிருந்து வெளியே போகும் எதையும் நான் கழுவாமல் அனுப்பியதில்லை. கிளாஸ்கோவுக்குப் போகிற சாமானை விடுவேனா?

தள்ளிப் போனவள் நீதான் என்பது உனக்கு நினைவிருக்கிறதா தெரியாது.

பிழை என்னுடையது. உன் கணக்கு சரி.

நிரோஷா


கிளாஸ்கோ
14.12.2023

என் நிரோ,

நினைவிருக்கிறது. அன்றைக்கு மூக்கையும் பொத்தினேன், அதை நீ எழுதாமல் விட்டிருக்கிறாய். இரண்டாம் கிழமை நீ கரும்பலகையில் அந்தத் தொகையீட்டை நாலு வரியில் முடித்தபோது பக்கத்தில் வந்து உட்கார்ந்தேன், அதைக் கேட்டுப் படிக்கத்தான். இத்தனை வருடத்தில் ஒரு நாளாவது இதைப் பேசியிருக்கலாம். நீ மறந்திருப்பாய் என்று என்னை நானே ஏமாற்றிக்கொண்டேன். வெட்கமாக இருக்கிறது. மன்னிப்பு என்ற சொல்லை இதற்கு எழுதக் கை கூசுகிறது, ஆனாலும் கேட்கிறேன்.

இப்போது கேள். உன் கடிதம் மீளாய்வுக்குப் பதினொரு நாள் முன்னதாக வந்தது. ஸ்கேனில் இருந்த மூடிய யன்னல்களை எடுத்து, பிழிவுக்குப் பிழிவு மூன்றில் இரண்டு என்று திறந்துவிட்டுக் கணக்கை ஓட்டினேன். கணினி விடை தரும் வரை கதிரையில் இருக்க முடியவில்லை, நடையில் போய் நின்றேன். மூன்று பிழிவுக்கு நான் சொன்னதும் நாங்கள் அளந்ததும் நான்கு வீதத்துக்குள். நிரோ, நான்கு வீதம்! அனுபவ எண்ணும் இல்லை, பெருக்கலும் இல்லை. மீளாய்வில் ஒரு மனுசி எழுந்து, ஃபோமைப் பிழிந்தால் யன்னல் திறக்கும் என்று எல்லோரும் சொல்வார்கள், ஒவ்வொரு பிழிவாக எண்ணிக் கணக்கோடு பொருத்தியதை இப்போதுதான் பார்க்கிறேன் என்றார். பேராசிரியர் உன் வரைபுத்தாளைக் கேட்டு வாங்கி, மேலே சாய்வு குறையும் இடத்தைப் பென்சிலால் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். "இவர் எங்கே படித்தவர்?" என்று கேட்டார். என் வாங்கில், எனக்குப் பக்கத்தில் என்றேன்.

உன் பெயர் போகாது. நீ இரண்டாவது ஆசிரியர். இனி யாரும் அதைத் தொட முடியாது.

ஒரே ஒரு விடயம். கட்டுரையில் உன் கழுவலை எப்படி எழுதுவது என்று யோசித்தேன். "துண்டுகள் நியம முறைப்படி முன்பதப்படுத்தப்பட்டன" என்று போட்டுவிடுகிறேன். பொய்யும் இல்லை. உனக்கும் மரியாதை. முதலில் தவறு நடந்தது என்பது நம் இருவருக்குள் இருக்கட்டும்.

றிஸ்மி


தர அறை, ஃபோம் தொழிற்சாலை
எட்டியாந்தோட்டை
07.01.2024

அன்புள்ள றிஸ்மி,

உன் கடிதத்தை மூன்று தரம் வாசித்தேன். மூக்கைப் பொத்தியதை எழுதினாய் பார், அதோடு அந்தக் கணக்கு முடிந்தது. இனி அதைத் தூக்கிக்கொண்டு திரியாதே.

"முன்பதப்படுத்தப்பட்டன" என்ற அந்தச் சொல்லை வெட்டு. யார் பதப்படுத்தியது, ஏன் என்று அதில் இல்லை. நியம முறையாம். எந்தப் புத்தகத்தில் இருக்கிறது அந்த நியமம்? மருதாயி அக்காவின் கையில் இருக்கிறது. நீ இப்படி எழுதினால் நாளைக்கு இன்னொருத்தி வேறு நாட்டில் இதே போல மூன்று மடங்கு பிசகி, பதினான்கு மாத வேலையை வைத்துக்கொண்டு அழுவாள். அவளுக்கு உதவ ஆள் இருக்காது.

இப்படி எழுது. ஆசிரியர்களில் ஒருவரான அ. நிரோஷா துண்டுகளைத் தன் வழக்கப்படி கழுவி மூன்று தரம் பிழிந்து அனுப்பினார், அதை அறிவிக்கத் தவறினார், பின்னர் தானே கண்டுபிடித்து அளந்தார். மூன்று தரம் என்ற முறை உருளையில் வேலை செய்யும் மருதாயி என்பவருடையது. இவ்வளவும் வர வேண்டும். வராவிட்டால் என் பெயரை எடுத்துவிடு. பெயருக்காக ஆசைப்பட்டவள்தான் நான், இல்லை என்று சொல்லவில்லை. முகம் கழுவி, பவுடர் போட்ட பெயர் எனக்கு வேண்டாம். பிழையும் என்னுடையது, அதைப் பிடித்ததும் நான். இரண்டையும் சேர்த்து எழுதினால்தான் நான்.

நீ மரியாதைக்காகச் சொன்னாய் என்று தெரியும். எனக்கு மரியாதை எது என்று நான் சொல்கிறேன்.

நிரோஷா


கிளாஸ்கோ
20.06.2024

அன்புள்ள நிரோ,

கட்டுரையை ஏற்றுக்கொண்டுவிட்டார்கள்!

நீ சொன்னபடியே எழுதினேன், ஒரு சொல் குறைக்கவில்லை. பேராசிரியர் முதலில், இப்படி யாரும் எழுதுவதில்லை, இது வாக்குமூலம் மாதிரி இருக்கிறது என்றார். நான் உன் கடிதத்தை மொழிபெயர்த்து வாசித்துக் காட்டினேன். பவுடர் போட்ட பெயர் என்ற இடத்தில் மனுசன் சிரித்துவிட்டு, அப்படியே போகட்டும் என்றார். மதிப்பீட்டாளர் ஒருவர் அந்தப் பந்தியைத்தான் புகழ்ந்து எழுதியிருக்கிறார். தன் ஆய்வுகூடத்திலும் போன வருடம் இதே தலையிடி இருந்ததாம்.

ஒரு சிக்கல். ஒவ்வொரு ஆசிரியரின் பெயருக்குக் கீழும் அவர் இருக்கும் நிறுவனத்தைப் போட வேண்டும். உங்கள் தலைமை அலுவலகத்துக்கு எழுதிக் கேட்டேன். தர அறையில் தவறு நடந்ததாக ஒரு கட்டுரையில் தங்கள் கம்பனியின் பெயர் வருவதை அவர்கள் விரும்பவில்லையாம். அளவுகளைப் பயன்படுத்தலாம், பெயரைப் போடக் கூடாது என்று எழுத்தில் தந்துவிட்டார்கள். அந்தப் பந்தியை எடுத்தால் பெயர் தருவார்களாம்.

எடுக்கவா என்று உன்னிடம் கேட்க மாட்டேன், பதில் தெரியும். அந்த இடத்தை வெறுமையாக விட முடியாது. என் பல்கலைக்கழகத்தின் பெயரை உனக்கும் போட்டுவிடலாம் என்று பேராசிரியர் சொல்கிறார். போடவா?

றிஸ்மி


எட்டியாந்தோட்டை
11.07.2024

அன்புள்ள றிஸ்மி,

உன் பல்கலைக்கழகம் எனக்கு வேண்டாம். நான் அங்கே படிக்கவில்லை, படிக்காத இடத்தின் பெயரைச் சட்டையில் குத்திக்கொண்டு திரிய எனக்கு என்ன வந்தது? கம்பனி வேண்டாம் என்றால் விடு, அவர்கள் பெயர் இல்லாமலும் தண்ணீர் இறங்கும். குழாய் என்னுடையது. ஞாயிற்றுக்கிழமை என்னுடையது. அளந்தது எங்கள் வீட்டுப் பின்னால், தண்ணீர் பிடிக்கும் பீலிக்கரையில்.

ஆகவே இதைப் போடு. நான்காம் அறை, ஏழாம் இலக்க லயம், கீழ்க்கணக்கு, கொஸ்கந்தைத் தோட்டம், எட்டியாந்தோட்டை, இலங்கை.

நீ சிரிக்க மாட்டாய், தெரியும். மாவனல்லையில் உங்கள் வீட்டுக்கு இலக்கம் உண்டு, வீதி உண்டு, தபால்காரர் மணி அடிப்பார். வரிசை அறைகளான எங்கள் லயத்தின் இலக்கம் தோட்டத்துக் கணக்குக்கு மட்டும்தான், தபாலுக்கு இல்லை. தோட்டத்து விலாசம் ஒன்றுதான், எல்லார் கடிதமும் ஒப்பீசுக்குப் போய், கிளாக்கர் ஐயாவின் மேசைப் பெட்டியில் கிடக்கும். கல்வியியற் கல்லூரி நேர்முகப் பரீட்சைக் கடிதம் எனக்குப் பதினொரு நாள் பிந்திக் கிடைத்தது, பரீட்சை முடிந்து ஆறு நாள் ஆகியிருந்தது. அதனால்தான் உன் கடிதங்களைத் தொழிற்சாலைக்கு வரவழைத்தேன்.

அப்பாவிடம் சொன்னேன், நம்ம லயத்தைப் புத்தகத்தில் போடப் போறாங்க என்று. வெற்றிலையை மென்றபடி யோசித்துவிட்டு, "நம்பரைச் சரியாச் சொன்னியா? ஆறுக்குப் போயிறப் போகுது" என்றார்.

எழுத்துப் பிழை இல்லாமல் போடு.

நிரோஷா


கிளாஸ்கோ
03.12.2024

அன்புள்ள நிரோ,

இதோடு அச்சுப் பிரதி இரண்டு. ஒன்று உனக்கு, ஒன்று மருதாயி அக்காவுக்கு. ஐந்தாம் பக்கத்தில் அவர் பெயர் இருக்கிறது, கோடு போட்டு வைத்திருக்கிறேன். முதல் பக்கத்தை நான் தொடவில்லை, நீயே பார்.

மேலே என் பெயரும் உன் பெயரும். என் பெயருக்குக் கீழே நானூறு பேர் வேலை செய்யும் ஒரு கட்டடம். உன் பெயருக்குக் கீழே உன் வீடு. எது பெரிது என்று என்னைக் கேட்டால் சொல்லிவிடுவேன்.

றிஸ்மி


நான்காம் அறை, ஏழாம் இலக்க லயம்
கீழ்க்கணக்கு, கொஸ்கந்தைத் தோட்டம்
எட்டியாந்தோட்டை
02.03.2025

அன்புள்ள றிஸ்மி,

பிரதி கிடைத்து இரண்டு மாதம் ஆகிறது, இப்போதுதான் எழுதுகிறேன் என்று ஏசாதே. காரணம் இருக்கிறது.

முதலில் மருதாயி அக்கா. ஐந்தாம் பக்கத்தைக் காட்டினேன். ஆங்கிலத்தில் இருந்தாலும் விரலை வைத்து எழுத்து எழுத்தாகத் தடவினார். "இதுல மூணு தரம்னு இருக்கா? சரியாத்தான் போட்டிருக்காங்களா?" என்றார். போட்டிருக்கிறார்கள் என்றதும் பக்கத்தில் நின்ற பெண்களைப் பார்த்து, "கேட்டுக்கிட்டீங்களா? இனிமே ரெண்டு தரத்தோட யாராவது நிப்பாட்டுனீங்கன்னா நா சீமைக்கு எழுதிப் போட்டுருவேன்" என்றார். அன்று முழுக்க அந்தப் பகுதியில் அவர் ராச்சியம்தான். தலைமை அலுவலகம் ஒன்றும் சொல்லவில்லை. மனேஜர் மட்டும் மெதுவாக ஒரு பிரதி கேட்டு வாங்கிக்கொண்டு போனார்.

போன மாதம் பத்தாம் திகதி நான் லீவு. காலையில் லயத்து வாசலில் தபால்காரர் வந்து நிற்கிறார். அவர் ஒப்பீசுக்கு மேலே ஏறியதை இந்த லயத்தில் யாரும் பார்த்ததில்லை. பதிவுப் பார்சல், பெயர் உள்ளவரே கையெழுத்துப் போட வேண்டுமாம், கிளாக்கர் ஐயா வழி காட்டிக்கொண்டு பின்னால் வருகிறார். தபால்காரர் பெட்டியைத் தூக்கிப் பிடித்து உரக்க வாசித்தார். "அழகமுத்து நிரோஷா, லைன் ஹத்த, காமரய ஹத்தர." ஏழாம் லயம், நாலாம் அறை. பால்வாளியைக் கழுவிக்கொண்டிருந்த அப்பா நிமிர்ந்து, "அழகமுத்து நான்தாங்க. நிரோஷா என் மக" என்றார். "நங்கி, மெதன அத்சன் கரன்ன" என்று, இங்கே கையெழுத்துப் போடச் சொல்லி, தபால்காரர் எனக்குப் பேனையை நீட்டினார். முழுப் பெயரையும் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அப்பா சட்டை மாற்றிக்கொண்டு வந்து அவருக்குத் தேத்தண்ணி கொடுத்தார். பக்கத்து அறைகளிலிருந்து எல்லோரும் வந்து பெட்டியைத் தொட்டுப் பார்த்தார்கள், விலாசத்தைத்தான்.

போலந்திலிருந்து ஒரு பெண் அனுப்பியிருக்கிறார். இறப்பர் ஃபோமில் தண்ணீர் வடிகட்டி செய்கிறவர். பெயரை எனக்கு உச்சரிக்க வரவில்லை. நம் கட்டுரையை வாசித்துவிட்டுத் தன் ஃபோமில் ஆறு துண்டு வெட்டி அனுப்பி, உங்கள் குழாயில் அளந்து சொல்ல முடியுமா என்று கேட்டிருக்கிறார். கழுவாத துண்டுகள். கடிதத்தில் அதைக் கொட்டை எழுத்தில் போட்டு அடிக்கோடும் இட்டிருக்கிறார். பெட்டியைத் திறந்தபோது அறை முழுக்க அமோனியா. எங்கள் தொழிற்சாலையின் அதே வாடை, ஒரு சொட்டு வித்தியாசம் இல்லை. நான் யன்னலைத் திறக்கவில்லை.

மூன்று ஞாயிற்றுக்கிழமை அளந்தேன். அவருக்கு எழுதி முடித்த பிறகுதான் உனக்கு எழுதுகிறேன், கோபித்துக்கொள்ளாதே, கேட்டவருக்குத்தான் முதல் பதில். அவருடைய ஃபோம் வேறு மாதிரி நடக்கிறது. முதல் மூன்று பிழிவுக்கும் அசையவே இல்லை, 120 செக்கனில் நிற்கிறது. நாலாவதில் சட்டென்று பாதியாகிறது. தோல் தடிப்பானது என்று நினைக்கிறேன். ஒரு அளவுக்கு நசுக்கும் வரை கிழியாமல் நின்று, பிறகு கூட்டமாகக் கிழிகிறது. பிழிவுக்கு மூன்றில் இரண்டு என்ற நம் கணக்கு அங்கே செல்லாது, உன் சமன்பாடும் செல்லாது.

நான் ஒன்று எழுதிப் பார்த்திருக்கிறேன். தோலின் தடிப்பையும் உருளையின் அழுத்தத்தையும் உள்ளே எடுத்தது. நம் ஃபோமுக்குப் போட்டால் பழைய விடையே வருகிறது, அவருடையதற்குப் போட்டாலும் வருகிறது. அடுத்த மூன்று பக்கத்திலும் வரி வரியாக இருக்கிறது. சரி பார்த்து அனுப்பு, நன்றாகப் பார், நட்புக்காக விட்டுக்கொடுக்காதே. சரி என்றால் கட்டுரை எழுதுவோம்.

இந்த முறை என் பெயர் முதலில்.

அழகமுத்து நிரோஷா